கண்ணாடி மூடிக்குள் ஒரு கருட சேவை

லோகேஸ்வரன் சின்னக் காஞ்சிபுரத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் திறந்த புதிதில் அந்தத் தகரக் கொட்டகைக்கு ஈ காக்கை கூட வரவில்லை. அவன் வீட்டில் அப்பா வரைக்கும் வாலாஜாபாத் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கடை என்று ஒன்றைத் திறந்தது அவன்தான் முதல். ஸ்பானர்களைத் துடைத்து மாட்டுவான், சாலையில் போகிற வண்டிகளைப் பார்ப்பான், மறுபடியும் எடுத்துத் துடைப்பான்.

அப்படி ஒரு காலையில் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாசலில் வந்து நின்றது. நெற்றியில் சிவப்பாய் ஒற்றைக் கோடு, கையில் சாப்பாட்டுப் பை, முப்பது முப்பத்தைந்து வயது மனுஷர்.

"தம்பி, வண்டியில ஏதோ சத்தம் வருது. பார்த்து வை. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

சொல்லிவிட்டு ஆபீஸுக்கு விடுவிடென்று நடந்தே போய்விட்டார். லோகேஸ்வரன் ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் அதையே சொன்னான்.

"இல்லையா? நாளைக்கு வரும், பாரு" என்றார் அவர். மறுநாளும் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு மறுநாளும். பகல் முழுக்க ஸ்கூட்டர் கடை வாசலில் நிற்கும். அவர் வெயிலில் நடந்து போவார், நடந்து வருவார். பெருமாள் கோயில் தெருப்பக்கத்து மனுஷர் வண்டியே இங்கே நிற்கிறது என்று பார்த்து, அடுத்த வாரம் ஒருவர் செயின் மாட்டிக்கொண்டு போக வந்தார். பிறகு ஒருவர் பிரேக் இறுக்க வந்தார். கடையில் கூட்டம் சேர்ந்ததும் ஸ்கூட்டரில் சத்தம் வருவது நின்றுபோனது.

பக்கத்து டீக்கடை அப்பாதுரைதான் ஒரு நாள் சிரித்துக்கொண்டே உடைத்துச் சொன்னான்.

"அட மண்டூ! அந்த வண்டியில ஒண்ணும் கெட்டுப் பூடலடா. உன் வாசல் காலியா கெடக்குதேன்னு அந்த ஆளு தினம் நடந்து போய்க்கினு இருந்தாரு. உனுக்கு இது கூடவா தெரில?"

லோகேஸ்வரன் அதைப்பற்றி அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அவர்தான் சக்ரவர்த்தி சார்.

சார் பட்டுக் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் அந்த மனுஷரை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அப்பாதுரை கடைப் பேப்பரைக் கூட நின்றபடிதான் படிப்பார், அதுவும் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று. பேசிக்கொண்டே இருக்கும்போது போய்விடுவார். பாதி வழியில் திரும்பி வந்து மீதியைச் சொல்வார். அவர் உட்காருகிற ஒரே இடம் அந்த ஸ்கூட்டர்தான். சனிக்கிழமை தவறாமல் வத்ஸலா மாமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். மாமி ஒரு பக்கமாக உட்கார்ந்து துளசிப் பையை மடியில் வைத்துக்கொள்வாள். வழியில் கோபுரம் தெரிந்தால் மாமி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுவாள். சாருக்கும் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். வண்டி ஆடும். செருப்பை உதறிவிட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றி நிறுத்திக்கொள்வார். காஞ்சிபுரத்தில் வண்டி ஓட்டுகிறவன் எவனுக்கும் இது பழக்கம்தான். தெருவுக்கு ஒரு கோபுரம் இருக்கிற ஊரில் கை சும்மா இருக்குமா?

சார் ரிடையர் ஆன வருஷம் மாமிக்கு இருமல் வந்தது. சளி என்று கஷாயம் குடித்தார்கள். போகவில்லை. சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டியதில் நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார்கள். தூசி ஆகாது, புகை ஆகாது, வேட்டு நெடி ஆகவே ஆகாது. முகத்துக்குத் துணி கட்டினால் மூச்சு முட்டும். ஜன்னலைச் சாத்தி, காற்றைச் சுத்தம் பண்ணுகிற மெஷின் ஒன்றை வைத்து, பின்கட்டு அறையில் மாமி உட்கார்ந்தாள். ஒரு வருஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

மாமி குறைப்பட்டுக்கொள்கிற ஆள் இல்லை. வைகாசியில் கருட சேவை அன்றைக்கு மட்டும் தாங்க மாட்டாள். வரதர் கருடன் மேல் ஏறி ஊருக்குள் வருகிற நாள். பிறந்ததிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் சேவித்தவள். அவர்கள் வீடு இருந்த சந்து வழியாக சாமி வராது. பெரிய தெருவோடு போய்விடும். மூடிய ஜன்னலுக்கு உள்ளே இருந்து மாமி கேட்பாள்.

"ஏன்னா, குடை தெரியறதா?"

சார் மொட்டைமாடிக்கு ஓடுவார். "தெரியறது, தெரியறது! ரெண்டு குடையும் ஆடிண்டு போறது!" என்று கத்துவார். கீழே இறங்கி வருவதற்குள் மாமி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கெல்லாம் சார் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

"அடுத்த வருஷம் இவ சேவிக்கணும், லோகு" என்று கடைக்கு வந்து சொன்னார். "எப்படின்னு தெரியலை. ஆனா சேவிச்சாகணும். டாக்டர் சொல்ற மாதிரி பார்த்தா ரொம்ப வருஷம் கையில இல்லை."

"காரு ஒண்ணு எடுத்துடலாமே சார்? கண்ணாடிய ஏத்திவுட்டா தூசி எங்கேர்ந்து வரப்போவுது?"

"எங்க சந்துல கார் நுழையுமாடா? மெயின் ரோடு வரைக்கும் அவளை நடத்திண்டு போனா அங்கேயே முடிஞ்சுது. அப்புறம் நான் ஜென்மத்துல காரைத் தொட்டதில்லை."

ஒரு மாதம் கழித்து மூச்சிரைக்க வந்து போனை நீட்டினார். திரையில் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டே சக்கரம். ஆனால் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடு மூடி, மேலே கண்ணாடிக் கூரை. உள்ளே ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரலாம். ஏ.சி. இருக்கிறது. உள்ளே போகிற காற்று வடிகட்டித்தான் போகும்.

லோகேஸ்வரன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னா சார் இது? முட்டைக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்குது!"

"மோட்டார் சைக்கிள்டா! சந்துல போகும். மழை படாது, வெயில் படாது, ஒரு துளி தூசி படாது. கோயமுத்தூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனிக்காரன் கையாலயே பண்றான். பேட்டரி. சாயாம பெல்ட் போட்டுண்டு ராஜா மாதிரி உட்காரலாம்."

"காலு எங்க சார் ஊனுறது?"

சார் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "பக்கத்துல ரெண்டு குட்டிச் சக்கரம் இருக்கு. பட்டனை அழுத்தினா கீழே இறங்கித் தாங்கும். ஓடும்போது மேலே தூக்கிக்கும்" என்றார்.

"இன்னா வெல சார்?"

அவர் சொன்னதைக் கேட்டு அப்பாதுரை டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். "சார், அந்தக் காசுக்கு ரெண்டு காரு வாங்கி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஓட்டலாம் சார்."

திருப்புட்குழியில் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் சாருக்கு ஒரு மனை இருந்தது. கடைசிக் காலத்தில் சின்னதாக வீடு கட்டி இருவரும் அங்கே இருப்பது என்று வாங்கிப் போட்டது. அதை விற்றுவிட்டார். குன்னூரில் டீச்சராக இருந்த ஒரே மகள் ஸ்ரீவல்லி போனில் சத்தம் போட்டது சந்து முழுக்கக் கேட்டதாம். சார் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாராம்.

வண்டி தை மாதத்தில் லாரியில் வந்து இறங்கியது. பளபளவென்று வெள்ளையில் இருந்தது. அன்றைக்கு லோகேஸ்வரன் கடையில் எந்த வேலையும் நடக்கவில்லை. தறிக்குப் பாவு நூல் சுற்றுகிறவர்கள், பூக்காரம்மா, கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், எல்லாரும் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். சார் உள்ளே உட்கார்ந்து என்னவோ சொன்னார். வாய் அசைந்தது, வெளியே ஒன்றும் கேட்கவில்லை. வெளியே கூட்டம் கேட்ட கேள்வி அவருக்கும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டார்கள்.

அன்று தொடங்கிற்று லோகேஸ்வரனுக்குச் சோதனை.

தினம் காலையில் பாலாற்றங்கரைப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் சார் ஓட்டிப் பழகினார். பின் சீட்டில் லோகேஸ்வரன். மூடி வந்து மேலே கவிழ்ந்து 'டொக்' என்று பூட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவன் முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். கை நீட்டினால் கண்ணாடி, கால் நீட்டினால் தகடு. ஓட ஆரம்பித்துவிட்டால் சுகம்தான், அதை அவன் மறுக்க மாட்டான். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஜில்லென்று இருக்கும். எதிர்க்காற்று கிடையாது, பூச்சி வந்து கண்ணில் விழாது. வளைவில் சாய்ந்து திரும்பும்போது பறக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் நல்ல தூறல். ரோட்டில் எல்லாரும் மரத்தடியில் ஒண்டி நிற்க, இவர்கள் இருவரும் நனையாமல் போனார்கள். சாருக்கு வாயெல்லாம் பல். ஆனால் புளியமரத்தடியில் நின்ற ஒரு பெண் இவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். ஸ்கூட்டராக இருந்தால் சார் நிறுத்தி என்ன ஏது என்று கேட்டிருப்பார். குட்டிச் சக்கரத்தை இறக்கி, நிறுத்தி, மூடியைத் திறப்பதற்குள் மரமே பின்னால் போய்விட்டது.

"என்ன கேட்டாளோ" என்று சார் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

நிற்பதுதான் பெரிய பாடு. வேகம் குறைந்ததும் சாரின் வலது கால் தரையைத் தேடும். தரை எங்கே இருக்கிறது? தகட்டில் போய் இடிக்கும். கட்டைவிரல் பட்டனைத் தேடுவதற்குள் வண்டி சாய ஆரம்பிக்கும். இரண்டு தடவை புல்மேட்டில் படுத்துவிட்டார்கள். வாலாஜாபாத் சாலையில் ஜல்லி லாரி ஒன்று பக்கத்தில் போனதும் வண்டி முழுக்க அந்தக் காற்றில் ஒரு ஓரமாகத் தள்ளிப் போயிற்று. லோகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு வரதா வரதா என்றான். ஏ.சி. போட்டு நின்றால் பேட்டரி கரையும். நிறுத்தினாலோ கொஞ்ச நேரத்தில் உள்ளே இட்லிப்பானைதான். சந்துக்குள் திருப்ப வேண்டுமானால் ஒருவன் இறங்கி வாலைப் பிடித்துத் தள்ள வேண்டும். ஏதாவது உடைந்தால் அதற்கு சாமான் அந்தக் கம்பெனிக்காரன் அனுப்பினால்தான் உண்டு. லோகேஸ்வரனுக்கு அந்த வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு மண்ணும் தெரியாது. தகட்டைத் திறந்து பார்ப்பான், கலர் கலராய் ஒயர், அப்படியே மூடிவிடுவான்.

வீட்டில் மனைவி சுகாசினி திட்டினாள். "அவரு பொண்டாட்டிக்காக ஓட்டுறாரு. நீ என்னாத்துக்குப் பின்னாடி உக்காந்துக்கினு போற? உனுக்கும் குடும்பம் இருக்குதில்ல?"

"கூப்ட்டாரு, போறேன்" என்பான். கடை திறந்த புதிதில் வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பற்றி அவன் அவளிடம் சொன்னதில்லை. ராத்திரி படுத்தால் மட்டும் அதே கேள்விதான். மாமியை உள்ளே வைத்துக்கொண்டு வண்டி விழுந்தால்?

மாசியில் மாமி முதல் தடவை ஏறினாள். சார் வாசல் நடையிலேயே வண்டியை ஒட்டி நிறுத்தி, மூடியைச் சட்டென்று திறந்து மூடினார். நாலு தெரு சுற்றிவிட்டு வந்தார்கள். இறங்கும்போது மாமி முகம் பூத்திருந்தது. கண் ஓரத்தில் ஈரமும் இருந்தது.

"எப்படி மாமி இருந்துச்சு?"

"நன்னா ஜில்லுனு இருந்தது, லோகு. ஊரெல்லாம் பார்த்தேன். பூக்கடை, கோபுரம், நம்ம அப்பாதுரை." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா ஒரு சத்தமும் இல்லைடா. பூ வாசனை கூட இல்லை. ஊரே யாரோ வரைஞ்சு வெச்ச மாதிரி இருந்தது."

சார் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சேவிக்கக் கண்ணு போதும்" என்றார்.

வைகாசி வந்தது. கருட சேவை அன்று விடிவதற்கு முன்னாலேயே மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். சந்து பெரிய தெருவில் போய்ச் சேருகிற முனைதான் இடம். அதற்கு மேல் போலீஸ் விடாது. முனையில் சாக்கடைக்கு மேலே போட்ட கல்பலகை. அதற்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, குட்டிச் சக்கரங்களை இறக்கிக்கொண்டு, சாரும் மாமியும் உள்ளே இருந்தார்கள். லோகேஸ்வரன் பின்னால் வாலைப் பிடித்தபடி நின்றான். குளித்து, நாமம் போட்டு, புது வேட்டி கட்டி வந்திருந்தான்.

வெயில் ஏறிற்று. ஜனம் ஏறிற்று. பேட்டரி இறங்கிற்று. மீட்டரில் நின்ற கோடுகள் ஒவ்வொன்றாக அணைவது பின்னாலிருந்தே அவனுக்குத் தெரிந்தது. சாரின் முதுகு ஒரு நிலையில் இல்லை. இப்படித் திரும்புவார், அப்படித் திரும்புவார். வழியில் யாரோ பூஜைக்கு ஏற்பாடு பண்ணின மண்டகப்படியில் சாமி நின்றுவிட்டதாம். இன்னும் வரவில்லை. கடைசியில் இரண்டே கோடு. சார் கண்ணாடிக்குள்ளிருந்து திரும்பி லோகேஸ்வரனைப் பார்த்தார். ஏ.சி.யை நிறுத்தினால் மாமிக்கு மூச்சு முட்டும். ஓட விட்டால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். திரும்பிவிடலாமா என்று அவர் கண் கேட்டது. லோகேஸ்வரன் தெருக்கோடியை எட்டிப் பார்த்தான். மாமி முன்னால் சாய்ந்து சாரின் தோளில் கை வைத்து என்னவோ சொன்னாள். என்ன சொன்னாளோ, சார் நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

அப்போது தூரத்தில் திருச்சின்னம் ஊதுகிற சத்தம் கேட்டது. லோகேஸ்வரனுக்குக் கேட்டது, உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. ஜனம் திமுதிமுவென்று தெருவுக்கு ஓடியது. வண்டிக்கு முன்னால் முதுகுகள் மட்டும்தான். மாமி இங்கேயும் அங்கேயும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா அதைப் பார்த்துவிட்டாள். நல்ல மனசு. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கி, "கொஞ்சம் முன்னாடி வாங்க சார், கல்லு மேல வந்துடுங்க" என்று சைகை காட்டினாள்.

கல்பலகை குறுகலானது. குட்டிச் சக்கரம் இறங்கியிருந்தால் இரண்டு பக்கமும் சாக்கடையில் தொங்கும். ஆகவே சார் பட்டனை அழுத்தி அவற்றைத் தூக்கிக்கொண்டார். லோகேஸ்வரன் வாலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். சைக்கிள் பழகுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி மெதுவாகத் தள்ளினான். முன்சக்கரம் கல்லைத் தாண்டிற்று. பின்சக்கரம் கல்மேல் ஏறி இறங்கிற்று. இன்னும் ஒரு முழம் போனால் சக்கரத்தை இறக்கிவிடலாம்.

தெரு திரும்புகிற இடத்தில் குடை தெரிந்தது.

முதலில் ஒரு குடை, அதை ஒட்டி இன்னொன்று. இரண்டும் ஆடி ஆடி வந்தன. அவற்றுக்குக் கீழே, சிறகை விரித்த கருடன் தோளில், வரதர். "வரதா! வரதா!" என்று தெரு முழுக்க ஒரே சத்தம். அத்தனை கையும் தலைக்கு மேலே போயிற்று.

சாரின் இரண்டு கையும் மேலே போயிற்று. கண்ணாடிக் கூரையில் இடித்துக்கொண்டு குவிந்து நின்றது.

லோகேஸ்வரனின் இரண்டு கையும் மேலே போயிற்று.

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் கை காலியாக இருப்பது அவனுக்கு உறைத்தது. அதற்குள் அந்த வெள்ளை வண்டி யாரோ தூங்கப்போகிற மாதிரி மெள்ள இடது பக்கம் சாய்ந்து, ஜனங்கள் காலடியில் படுத்துவிட்டது. கண்ணாடி 'சிலீர்' என்று கீறல் விட்டது. பூட்டு விடுபட்டு, மூடி பாதி திறந்துகொண்டது.

"ஐயோ மாமி!" என்று அவன் விழுந்து மூடியைத் தூக்கினான். பத்துப் பேர் கை கொடுத்தார்கள். சார் பெல்ட்டில் தொங்கியபடி, "அவளைப் பார், அவளைப் பார்!" என்று கத்தினார். மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட்டுக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள், ஸ்கூட்டரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகிற மாதிரியே. முனையில் நின்ற பெண்கள் நாலு பேர் முந்தானையை விரித்து, கற்பூரப் புகை படாமல் அவளை மறைத்தார்கள்.

"மறைக்காதீங்கோ" என்றாள் மாமி. "அம்மா, கொஞ்சம் நகருங்கோ. மறைக்காதீங்கோ."

அவர்கள் விலகினார்கள். அந்த முனையில் யாரோ நீட்டிய ஒரு அர்ச்சனைத் தட்டுக்காக சாமி நின்றது. நாதஸ்வரம், சங்கு, வேத கோஷ்டி, பூ, கற்பூரம், வேர்வை, தூசி எல்லாம் சேர்ந்து திறந்த மூடி வழியாக உள்ளே போயிற்று. சாய்ந்து கிடந்தவாக்கில் மாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். கண்ணைச் சிமிட்டவில்லை. குடை விலகி, தீபாராதனை காட்டி, பெருமாள் திரும்பிப் போகிற வரைக்கும் இருமவே இல்லை.

அதற்கப்புறம் இருமினாள். போலீஸ்காரம்மா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். வராந்தாவில் சார் நடந்தார். லோகேஸ்வரன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். புது வேட்டியில் சாக்கடைக் கறை. அவர் ஒவ்வொரு தடவை தாண்டிப் போகும்போதும் அவன் தலை இன்னும் கொஞ்சம் தொங்கிற்று.

"என் கைதான் சார் வுட்டுடுச்சு."

"என் கையும்தானேடா விட்டுது."

"கும்புடாம புடிச்சினு நின்னுருக்கணும் சார்."

சார் நின்றார். "கும்பிடாம நிக்கறதுக்கா லோகு அங்க போனோம்?" என்றார். மறுபடியும் நடந்தார். இந்தத் தடவை அவன் எழுந்து கூடவே நடந்தான்.

மாமி ஆஸ்பத்திரியிலிருந்து வர நாளாயிற்று. வந்தவளைப் பார்க்க லோகேஸ்வரன் பயந்துகொண்டேதான் போனான். கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதியாய் இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாடா, வாலைப் பிடிச்சவனே!"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்குடா அழறே? சொல்றேன் கேளு. மூடிக்குள்ளேருந்து பார்த்தப்போ டிவியில பார்க்கற மாதிரி இருந்தது. கீழே விழுந்தப்புறம்தான் பெருமாள் வந்தார்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இவர் இன்னும் அந்த வண்டியைச் சுத்திச் சுத்தி வரார். வித்துடாதீங்கோன்னு சொல்லியிருக்கேன். நான் இனிமே ஏற மாட்டேன்னும் சொல்லியிருக்கேன்."

ஸ்ரீவல்லி குன்னூரிலிருந்து வந்தாள். அப்பாவைத் திட்ட வந்தவள், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. ஆனால் இந்தத் தூசியில் இனிமேல் விட்டு வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். மலையில் காற்று சுத்தம். மாமி அங்கே ஜன்னலைத் திறந்து வைத்து உட்காரலாம், வாசலில் நடக்கலாம், மூடி ஒன்றும் வேண்டாம். சாரும் ஒத்துக்கொண்டார். காஞ்சிபுரத்தை விட்டுப் போக வேண்டும் என்றதும் அவர் வீட்டில் நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும்.

புறப்பட்ட அன்று ஸ்ரீவல்லி ஏற்பாடு செய்த கார் மெயின் ரோட்டில் காத்திருந்தது. மாமியை முதலில் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் அதில் ஏற்றிவிட்டார்கள். அதற்குள் சார் அந்தக் கீறல் விட்ட வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு லோகேஸ்வரன் கடைக்கு வந்தார். பட்டனைச் சரியாக அழுத்தி, குட்டிச் சக்கரத்தை இறக்கி, வாசலில் நேராக நிறுத்தினார். அவ்வளவு அழகாக அவர் நிறுத்தி லோகேஸ்வரன் பார்த்ததே இல்லை.

அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. கார்த்திகை மாதம் குன்னூரில், காலையில் மலைச்சாலையில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வத்ஸலா மாமிதான் போனில் சொன்னாள். பின்னால் எங்கேயோ குருவி கத்துகிற சத்தமும் காற்றுச் சத்தமும் கேட்டது. திறந்த இடத்தில் நின்றுதான் பேசினாள். "உட்காரச் சொன்னா கேக்க மாட்டாரே, லோகு" என்றாள். லோகேஸ்வரன் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வரதர் கோயிலுக்குப் போய், கோபுர வாசலில் வெகு நேரம் நின்றுவிட்டு வந்தான்.

கோயமுத்தூரிலிருந்து புதுக் கண்ணாடி வந்து சேர்ந்தது. மாட்டியாகிவிட்டது. வண்டி இன்னும் அவன் கடை வாசலில்தான் நிற்கிறது. தினம் துடைக்கிறான். அதைப் பார்க்க நிற்கிறவர்கள் அப்படியே தங்கள் வண்டிக்கு ஒரு ஆயிலை மாற்றிக்கொண்டு போகிறார்கள். அப்பாதுரைக்குக் கூட இரண்டு டீ அதிகம் ஓடுகிறது. விற்கிறாயா என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம், "கஸ்டமர் வண்டிங்க, ரிப்பேருக்கு வுட்டுருக்காரு" என்றுதான் சொல்கிறான்.

சார் குன்னூருக்குப் புறப்பட்ட அன்றைக்கு மெயின் ரோட்டில் கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சார் சாவியை லோகேஸ்வரன் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார். போனார். வழக்கம்போல பாதி வழியில் திரும்பி வந்தார்.

"இந்த வண்டிக்குள்ள ஊர்ச் சத்தம் ஒண்ணுமே வரலை, லோகு. பார்த்து வை. வந்து எடுத்துக்கறேன்."